ஏழாம் பாத்தி

மாசி இரண்டாம் ஞாயிறு.
ஆறேகாலுக்குக் கேட்டைத் திறந்தேன்.
சேர்வராயன் மலையில் ராத்திரி எரிந்த தீ
இப்போது வெறும் புகை,
யாரோ ரப்பரால் பாதி அழித்துவிட்டுப் போன கோடு.

சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால்
பதினோரு வீட்டுக்குப் பதினோரு பாத்தி,
ஒரு தொட்டி, ஒரு குழாய்,
நான்கு மண்வெட்டி, அதில் ஒன்றுக்குக் காம்பு கிடையாது.
கணக்கு நோட்டு என்னிடம்.
கையெழுத்து அழகாயிருக்கிறது என்று சொல்லியே
தலையில் கட்டிவிட்டார்கள்.

முதலில் பொதுப் பந்தல்.
அவரைக்குத் தையோடு காலம் முடிந்தது.
காய்ந்த கொடியை இழுத்தால் பந்தலே கூட வருகிறது.
லூர்து கட்டுக்கம்பியைக் கடைசி முடிச்சிலிருந்து அவிழ்க்கிறார்.
கூட்ஸ் வண்டி கார்டு,
எதையும் பின்னாலிருந்து பார்த்தே பழக்கம்.
விதைக்கு விட்ட நெற்றுகள்
அவர் சட்டைப்பையில் கிலுகிலுக்கின்றன.

தஸ்தகீர் தொட்டிக்குள் இறங்கிப் பாசி சுரண்டுகிறார்.
தலை தெரியவில்லை, திட்டு மட்டும் எதிரொலிக்கிறது.
எருக்குழியின் அடியில்
ஒரு எவர்சில்வர் ஸ்பூன் கிடைத்தது.
மூன்று வீட்டார் தங்களுடையது என்றார்கள்.
கழுவிக் காட்டியதும் ஒருவரும் கேட்கவில்லை.

கொத்தக் கொத்த வெள்ளைக்கல்.
வருஷா வருஷம் பொறுக்குகிறோம்,
வருஷா வருஷம் மேலே வருகிறது.
இந்த ஊரில் விதைக்காமல் விளைவது
இது ஒன்றுதான்.

பிறகு ஏழு.
மூன்று மாதம் கால் படாத பாத்தி அடுத்தவருக்கு.
விதியை எழுதியதும் நான்தான்.
பூபாலன் லாரியோடு வடக்கே போய்
கார்த்திகையும் மார்கழியும் தையும் போயாயிற்று.
சாரணையும் கோரையும் மூடிக் கிடக்கிறது.
நோட்டில் 'ஏழு: காலி' என்று எழுதி
அடிக்கோடும் போட்டிருந்தேன்.

வரிசையில் இரண்டு வருஷமாய் நிற்கும் எழிலரசி
வரப்புக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.
புது மண்வெட்டி.
விலைச்சீட்டுகூட உரிக்கவில்லை.

முதல் வெட்டு என்னுடையது.
சதக்கென்றது.
கல்லென்றால் கணீரென்றிருக்கும்.
சென்னம்மாள் எட்டடி தூரத்திலேயே மூக்கை நிமிர்த்தி
"அடப்பாவி, மஞ்சள்!" என்றாள்.

மண்வெட்டியில் ஒட்டியிருந்தது
இரண்டாய் வெட்டுப்பட்ட விரல்.
உள்ளே அப்படியொரு ஆரஞ்சு.
இலை காய்ந்து களைக்கடியில் மக்கிப்போக
கிழங்கு கீழே
சத்தமில்லாமல் வீடு கட்டியிருக்கிறது.

மூன்றாம் தடவை போனை எடுத்தான்.
நாக்பூர் தாண்டி ஏதோ டோல்கேட்,
பின்னால் நூறு ஹாரன்.
பாத்தி பறிபோவதைப் பற்றி எப்படித் தொடங்குவது என்று
நான் தயங்கியபோது
அவன் கேட்டது ஒன்றே:
"விரலியா, குண்டா?"

"விரலி."

"நெசமாவா?"
அந்தச் சிரிப்பில் ஹாரன்கள் ஒரு நிமிஷம் அமுங்கின.
"மூடி வைங்கக்கா. பங்குனி பொறந்ததும் வந்துர்றேன்.
வெட்டுனது உங்களுக்கு, கொழம்புக்கு."

மண்ணை அணைத்து மூடினோம்.
லூர்து மிதிக்கப் போனார்.
சென்னம்மாள் அவர் காலைத் தட்டிவிட்டாள்.

'காலி'யை அடிக்க நோட்டைத் திறந்தேன்.
பேனாவுக்கு முன்னால் என் கட்டைவிரல் பதிந்துவிட்டது,
மஞ்சளாய், ரேகையோடு.
அதன் மேல் வேறெதுவும் எழுதவில்லை.

எழிலரசியிடம் என்ன சொல்வதென்று யோசித்துத் திரும்பினால்
அவள் அங்கே இல்லை.
பந்தல் நின்ற வெற்றிடத்தில்
குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.
யாரும் தரவில்லை, அவளும் கேட்கவில்லை.
தஸ்தகீரின் வாளியில்
வெள்ளைக்கல் விழும் சத்தம்,
ஒன்று,
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

விதியில் இதற்கு இடமில்லை.
நோட்டை மூடிவிட்டு
குழாயை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டேன்.